மாஸ்டரைக் கேளுங்கள்: கீழே போட்ட எண் என்ன?

போன இதழில் அமெரிக்காவில் பொலிஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே இறந்துபோன ஜோர்ஜ் ஃபுளொய்டைப் பற்றி ஒரு சின்னப் பத்தி எழுதியிருந்தேன். வழமையாக எனக்கு வரும் கேள்விகள் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி, மாமரத்துப் பூ கொட்டுவது, மருமகளோடு மனஸ்தாபம் என்று இருக்கும். இந்த முறை தபாலிலும் வட்ஸ்அப்பிலுமாக வந்ததில் முக்கால்வாசி இந்த ஒரே விஷயம்தான். ஆகவே மாமரக்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சேர், அமெரிக்காவில் பொலிஸ் சுட்டுச் சாகிறவர்களில் வெள்ளைக்காரர்தான் கூட என்று அண்ணா ஒரு வீடியோ காட்டினார். கணக்கும் சரியாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் கறுப்பினத்தவர் கறுப்பினத்தவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்? (உயர்தர மாணவி, உப்புவெளி)

பதில்: பிள்ளை, அண்ணா பொய் சொல்லவில்லை, ஆனால் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டார். முப்பத்தொரு வருஷம் கணிதம் படிப்பித்தவன் என்பதால் எனக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கிறது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு கரையில் 600 வள்ளம் இருக்கிறது, ஒரு வருஷத்தில் 6 வள்ளம் கவிழ்ந்தது. பக்கத்துக் கரையில் 100 வள்ளம்தான், அதில் 3 கவிழ்ந்தது. எந்தக் கரையில் கடலுக்குப் போக உங்கள் அப்பாவை விடுவீர்கள்? ஆறு மூன்றைவிடப் பெரிது என்று சொல்லி இரண்டாவது கரைக்கு அனுப்ப மாட்டீர்கள்தானே. முதல் கரையில் நூற்றுக்கு ஒன்று, இரண்டாவதில் நூற்றுக்கு மூன்று. பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. அண்ணா தொகுதியை மட்டும் காட்டியிருக்கிறார்.

இனி அமெரிக்கா. அங்கே ஒரு வருஷத்தில் பொலிஸ் சுட்டு இறப்பவர்கள் ஏறத்தாழ 1,000 பேர். இனம் தெரிந்தவர்களை எடுத்தால் பாதியளவு வெள்ளையர், கால்வாசிக்குச் சற்று மேல் கறுப்பினத்தவர். ஆனால் சனத்தொகையில் வெள்ளையர் நூற்றுக்கு 60 அளவில், கறுப்பினத்தவர் நூற்றுக்கு 14 அளவில். பிரித்துப் பாருங்கள், தலைக்கு எடுத்தால் கறுப்பினத்தவர் இறக்கும் வீதம் வெள்ளையரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். 2019இல் வந்த ஓர் ஆய்வு இதை வாழ்நாள் கணக்காகப் போட்டது: கறுப்பின ஆண்களில் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒருவர் தன் ஆயுளுக்குள் பொலிஸ் கையால் இறப்பார், அது வெள்ளை ஆண்களைப் போல இரண்டரை மடங்கு. ஆயிரத்துக்கு ஒன்று சின்ன எண்ணாகத் தெரியலாம். ஒரு பெரிய பாடசாலையின் பெயர் இடாப்பை எடுத்து அதில் ஒரு பெயரைச் சிவப்பு மையால் வெட்டிப் பாருங்கள்.

இன்னொன்றையும் அண்ணாவிடம் கேளுங்கள், அந்த எண்ணை எண்ணியது யார்? அரசாங்கம் என்று நினைத்தால் தவறு. 2014 ஓகஸ்டில் ஃபெர்குசன் என்ற ஊரில் 18 வயது மைக்கல் பிரவுன் சுடப்பட்டு இறந்தபோது, வருஷத்துக்கு எத்தனை பேர் இப்படிச் சாகிறார்கள் என்று கேட்டால் சொல்ல அந்த நாட்டில் ஒழுங்கான ஒரு பதிவேடு இருக்கவில்லை. 2015இலிருந்து வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்காரர்கள் உள்ளூர்ச் செய்திகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒவ்வொரு துப்பாக்கிச் சாவாக எண்ணினார்கள். எண்ணிப் பார்த்தால் எஃப்.பி.ஐ. என்ற அந்த நாட்டு மத்திய புலனாய்வுப் பணியகம் வைத்திருந்த கணக்கு பாதிக்கும் குறைவு. ஏனென்றால் அங்கே 18,000 அளவில் தனித்தனிப் பொலிஸ் நிறுவனங்கள், அவை விரும்பினால் கணக்குக் கொடுக்கும், விரும்பாவிட்டால் இல்லை. நம்மூர்ச் சங்கக்கடையில்கூட இருப்புக் கணக்கு இதைவிட ஒழுங்கு.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் மாஸ்டர். குற்றம் கூடச் செய்கிற இடத்தில்தானே பொலிஸுக்கும் வேலை கூட? சனத்தொகையால் பிரிக்காமல், பொலிஸ் மறித்த ஆட்களின் எண்ணிக்கையால் பிரித்தால் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது என்று ஒரு கறுப்பினப் பேராசிரியரே கண்டுபிடித்தாராமே? (வாசகர், கிண்ணியா)

பதில்: வஅலைக்கும் ஸலாம். வந்த கேள்விகளிலேயே சரியான இடத்தில் கை வைத்த கேள்வி உங்களுடையதுதான்.

நீங்கள் சொல்பவர் ஹார்வர்ட் பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர். 2016இல் அவருடைய ஆய்வு வெளிவந்தது. இரண்டு விஷயம் சொன்னார், சனங்கள் தங்களுக்கு வசதியான ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்று: பொலிஸோடு முட்டுப்பட்டவர்களுக்குள் பார்த்தால், முக்கியமாக ஹூஸ்டன் நகரத் தரவில், சுடுவதில் இன வித்தியாசம் தெரியவில்லை. மற்றது: தள்ளுவது, சுவரோடு சாத்துவது, விலங்கு போடுவது, துப்பாக்கியை நீட்டுவது போன்றவற்றில் கறுப்பினத்தவர் மீது பலப் பிரயோகம் நடக்கும் வாய்ப்பு 50 சதவீதத்துக்கு மேல் கூட. இரண்டாவதை உங்களுக்கு அனுப்பியவர் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, முதலாவதையே எடுப்போம். பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, சனத்தொகைக்குப் பதிலாக மறிக்கப்பட்டவர்களைப் போட்டால் என்ன நடக்கும்? ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு ஊர், ஒவ்வொன்றிலும் 1,000 பேர், ஒவ்வொன்றிலும் உண்மையாகவே குற்றம் செய்தவர்கள் 20 பேர். முதல் ஊரில் பொலிஸ் அந்த 20 பேரோடு சேர்த்து, முகம் பிடிக்கவில்லை என்று சும்மா போன 180 பேரையும் மறிக்கிறது. இரண்டாவது ஊரில் அந்த 20 பேரை மட்டும். குற்றம் செய்தவர்களில் ஊருக்கு 2 பேர் அடிவாங்குகிறார்கள். முதல் ஊரில் சும்மா போனவர்களிலும் 8 பேர் அடிவாங்குகிறார்கள். இப்போது மறித்தவர்களால் பிரியுங்கள். முதல் ஊர் 200க்கு 10, அதாவது 5 சதவீதம். இரண்டாவது ஊர் 20க்கு 2, அதாவது 10 சதவீதம். ஆஹா, முதல் ஊர்க்காரரைப் பொலிஸ் எவ்வளவு மென்மையாக நடத்துகிறது! மறிக்கவே கூடாத 8 பேர் அடிவாங்கியது எங்கே போனது? பகுதிக்குள் போய் ஒளிந்துகொண்டது. அநியாயமாக எவ்வளவுக்கு அதிகம் பேரை மறிக்கிறார்களோ, அவ்வளவுக்குக் கணக்கு பொலிஸுக்கு நல்லதாக வரும். டீன் நொக்ஸ், வில் லோ, ஜொனதன் முமோலோ என்ற மூன்று பேர் 2020இல் இதைத்தான் கணிதமாக எழுதிக் காட்டினார்கள், பொலிஸின் பதிவேட்டை மட்டும் வைத்து ஆராய்ந்தால் பாகுபாடு உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும் என்று.

இது நமக்கு விளங்க ஹார்வர்ட் தேவையில்லை. சண்டைக்காலத்தில் திருமலையிலிருந்து கொழும்புக்கு பஸ் ஏறியவர்களைக் கேளுங்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நடக்க, அடையாள அட்டையில் தமிழ் எழுத்து இருந்தவர் மட்டும் ஓரமாக நிற்க, கந்தளாய் தாண்டுவதற்குள் எத்தனை தடவை பையைக் கொட்டினோம். கொட்டிய பைகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது கருவாடும் பனங்கட்டியும். ‘மறித்தவர்களில் எத்தனை வீதம் பேரை அடித்தோம்’ என்று அப்போது ஒரு சோதனைச் சாவடிக்காரர் கணக்குப் போட்டிருந்தால் அவருக்கு நன்னடத்தைப் பதக்கமே கிடைத்திருக்கும்.

அதற்காக மறிக்கப்பட்டவர்களின் கணக்கே பிழை என்று நான் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவில் ஆதிக்குடிகள் பொலிஸ் கூண்டிலும் சிறையிலும் சாவதை விசாரிக்க 1987இல் ஓர் அரச ஆணைக்குழு போட்டார்கள். 99 சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 1991இல் 339 பரிந்துரை கொடுத்தது. அது கண்டது என்ன தெரியுமா, உள்ளே போன பிறகு ஆதிக்குடியும் வெள்ளையரும் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் இறக்கிறார்கள், ஆனால் உள்ளே போடப்படுவதே ஆதிக்குடிகள்தான் பல மடங்கு. ஆக அங்கே சனத்தொகை, உள்ளே போடப்பட்டவர்கள் என்ற இரண்டு பகுதியெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் நோய் எந்த இடத்தில் என்று தெரிந்தது. நாக்கு அறுந்தவனுக்குக் காலில் கட்டுப் போடாமல் இருக்க இது உதவும்.

கேள்வி: அமெரிக்காவில் மட்டும்தானா இப்படி? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: இல்லை, அமெரிக்கா சத்தம் போடுவதால் நமக்குக் கேட்கிறது. பிரேசிலில் பொலிஸ் கையால் வருஷத்துக்கு 6,000 பேருக்கு மேல் இறந்த வருஷங்கள் உண்டு, அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் கறுப்பினத்தவர், அந்த நாட்டுச் சனத்தொகையில் அவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான். இங்கிலாந்தில் பெரும்பாலான பொலிஸாரிடம் துப்பாக்கியே இல்லை, சூட்டுச் சாவு வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணலாம். ஆனால் அங்கேயும் பிடித்து அமுக்கும்போது இறப்பவர்களுக்குள் கறுப்பினத்தவர் தங்கள் தொகைக்கு மிஞ்சி இருக்கிறார்கள். பிரான்ஸ்தான் வேடிக்கை. 2023 ஜூனில் நந்தேர் என்ற இடத்தில் கார் ஓட்டிவந்த வட ஆபிரிக்க வம்சத்துப் பையன், 17 வயது, பொலிஸ் சுட்டு இறந்தான், நாடே பற்றி எரிந்தது. ஆனால் இனவாரியாகக் கணக்கெடுப்பதையே அந்த நாட்டுச் சட்டம் பெரும்பாலும் தடுக்கிறது, எல்லோரும் பிரெஞ்சுக்காரர், முடிந்தது கதை. அப்படியிருந்தும் அவர்களுடைய உரிமைக் காப்பாளர் அலுவலகம் 2017இல் ஒரு கணிப்பு நடத்தி, கறுப்பர் அல்லது அரபியர் போலத் தோன்றும் இளைஞரைப் பொலிஸ் மறிக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 20 மடங்கு என்று சொன்னது. கணக்கெடுக்காவிட்டால் பிரச்சினை இல்லாமல் போய்விடும் என்று நினைப்பவர்கள், பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்கிற கதைதான்.

கேள்வி: அந்தக் காப்பிலிகளுக்காக நாம் ஏன் அழ வேண்டும்? நமக்கு இல்லாத துன்பமா? (பெயர் போட வேண்டாம் என்றவர்)

பதில்: கடிதத்தில் இருந்த சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன், மற்றவர்களும் பார்க்கட்டும் என்று. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் புத்தளத்துச் சிறாம்பியடியிலும் இந்தத் திருகோணமலையிலும் இருக்கிறார்கள், அவர்களே தங்களை அந்தப் பெயரால் சொல்வது வேறு. தென்னாபிரிக்காவில் அதே சொல்லைச் சொன்னால் நீதிமன்றம் ஏறவேண்டி வரும். நீங்கள் எந்தக் கருத்தில் எழுதினீர்கள் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். கலியாணத்துக்குப் பெண் பார்க்கும்போது ‘நிறம் கொஞ்சம் மட்டு’ என்று சொல்கிற சனம் நாம். அழச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. அடுத்த கேள்வி.

கேள்வி: தம்பி, மூத்தவன் செப்டெம்பரில் ரொறன்ரோவுக்குப் படிக்கப் போகிறான். ஆள் நல்ல கறுப்பு, உயரம். உங்கள் பத்தியை வாசித்ததிலிருந்து நித்திரை இல்லை. அங்கே பொலிஸ் மறித்தால் என்ன செய்யச் சொல்ல? (ஒரு தாய், உவர்மலை)

பதில்: அக்கா, முதலில் நித்திரை கொள்ளுங்கள். கனடாவில் இப்படிச் சாவது அமெரிக்காவோடு பார்க்கையில் மிகக் குறைவு. ஆனால் சும்மா ஆறுதலுக்குப் பொய் சொல்லவும் மாட்டேன். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2018இல் ஓர் அறிக்கை விட்டது: 2013 முதல் 2017 வரை ரொறன்ரோப் பொலிஸின் உயிர்போன துப்பாக்கிச் சூடுகளில் ஒரு கறுப்பினத்தவர் சிக்கும் வாய்ப்பு வெள்ளையரைப் போல கிட்டத்தட்ட 20 மடங்கு. அந்த நகரத்தில் அவர்கள் 8.8 சதவீதம்தான்.

இனி உங்கள் பிள்ளைக்கு. நான் யோசித்ததில் முக்கியமானது ஒன்று இருக்கிறது, அதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நம்முடைய பிள்ளைகளுக்குச் சீருடையைக் கண்டால் கை தன்பாட்டில் சட்டைப்பைக்குப் போகும், அடையாள அட்டையை எடுக்க. எங்களுக்கு அது உயிர் காத்த பழக்கம், கேட்பதற்கு முன்னமே நீட்டினால் அடி குறையும் என்று அப்பாமார் பழக்கினார்கள், அவர்களைப் பார்த்து மகன்மாரும் பழகினார்கள். வட அமெரிக்காவில் அதே கை அசைவுதான் ஆபத்து. பையில் கை போனால் ஆயுதம் எடுக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அங்கே தெருவில் துப்பாக்கி உண்டு. ஆகவே கை வெளியே தெரிய வேண்டும், காரில் என்றால் ஸ்டியரிங்கில். எடுப்பதற்கு முன் ‘என்னுடைய அட்டை பின் பையில் இருக்கிறது, எடுக்கட்டுமா’ என்று வாயால் சொல்லவேண்டும். ஓடக்கூடாது, நிரபராதி என்றாலும் ஓடக்கூடாது. ‘நான் போகலாமா’ என்று மரியாதையாகக் கேட்கலாம். பிடித்தால் வாயை மூடிக்கொண்டு சட்டத்தரணியைக் கேட்கலாம். வீட்டில் இரண்டு தடவை நடித்துப் பழக்குங்கள், சிரிப்பான், பரவாயில்லை.

இன்னொன்று, இது நிறத்தோடு சேர்ந்து வருகிற விஷயம். அங்கே பொலிஸ் கையால் இறப்பவர்களில் மனநிலை குழம்பியிருந்த நேரத்தில் வீட்டார் உதவிக்குக் கூப்பிட்டு, வந்த பொலிஸாலேயே இறந்தவர்கள் நிறையப்பேர். அறையில் கூட இருக்கும் பொடியனுக்கு மனம் சரியில்லை என்றால் முதலில் பல்கலைக்கழக ஆலோசகருக்கு எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஒன்ராறியோவில் பொலிஸால் ஒருவர் இறந்தாலோ பெரிதாகக் காயப்பட்டாலோ விசாரிப்பது அந்தப் பொலிஸ் அல்ல, 1990இல் தொடங்கிய தனி விசாரணைப் பிரிவு. அதிலும் குறை சொல்கிறார்கள், ஆனாலும் தன் கூட்டாளியைத் தானே விசாரிப்பதைவிட மேல்.

கேள்வி: பொலிஸ்காரரின் உடம்பில் கமரா பூட்டினால் சரிவருமா? (வாசகர், சீனக்குடா)

பதில்: எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். வாஷிங்டன் நகரத்தில் 2,000க்கு மேற்பட்ட பொலிஸாரைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, பாதிப்பேருக்குக் கமரா பூட்டி, பாதிப்பேருக்குப் பூட்டாமல் பார்த்தார்கள். 2017இல் முடிவு வந்தது, பலப் பிரயோகத்தில் குறிப்பிடக்கூடிய வித்தியாசம் எதுவுமில்லை. கமரா யார் கையில் என்பதுதான் கதை. அது அடுத்த கேள்விக்கும் பொருந்தும்.

கேள்வி: மாஸ்டர், அமெரிக்கா பிரேசில் எல்லாம் எழுதுகிறீர்கள். காந்தி சிலையடியை மறந்துவிட்டீர்களா? (வாசகர், அன்புவழிபுரம்)

பதில்: மறக்கவில்லை தம்பி. போன இதழில் அதை எழுதாமல் விட்டதற்கு உங்களைத் தவிர இன்னும் நான்கு பேர் ஏசியிருக்கிறார்கள், அந்த ஏச்சு எனக்குத் தகும்.

இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2006 ஜனவரி 2, பின்னேரம், திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உயர்தரம் முடித்த பொடியன்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு குண்டு வெடித்தது. என் வீட்டு விறாந்தையில் அந்தச் சத்தம் கேட்டது, அந்த நாட்களில் சத்தம் புதிதில்லை என்பதால் தேத்தண்ணியை வைக்காமல் அப்படியே குடித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஐந்து பேர் செத்தார்கள். கொண்டுவந்த குண்டு தங்களுக்கே வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் அரசாங்கப் பக்கத்துச் செய்தி வந்தது. பிரேத பரிசோதனையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. சுடர் ஒளிப் பத்திரிகையின் திருமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் பிணவறையில் எடுத்த படங்கள் அச்சில் வந்ததும் குண்டுக் கதை சரிந்தது. மூன்று கிழமை கழித்து, ஜனவரி 24, காலையில் வேலைக்குப் போகிற வழியில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

வழக்கு எப்படிப் போனது? 2013இல் விசேட அதிரடிப்படையினர் பிடிபட்டார்கள். அதிரடிப்படை இராணுவம் என்று பலர் நினைக்கிறார்கள், அது பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவு, அதனால்தான் இந்தக் கேள்வி இந்தப் பத்திக்குள் சரியாக வந்து பொருந்துகிறது. 2019 ஜூலையில் நமது நீதவான் நீதிமன்றத்தில் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். சாட்சி சொல்லக்கூடியவர்கள் எந்த நாட்டில் எந்தக் குளிரில் இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

ஃபுளொய்ட் விஷயத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் இறந்த மினியாபோலிஸ் நகரத்துப் பொலிஸின் முதல் அறிக்கை, பொலிஸாரோடு நடந்த சந்திப்பின்போது மருத்துவச் சம்பவம் ஒன்றால் ஆள் இறந்தார் என்றுதான் சொன்னது. முழங்கால் பற்றி ஒரு வரி கிடையாது. தெருவில் நின்ற 17 வயதுப் பெண் டார்னெலா ஃபிரேசியர் கைத்தொலைபேசியில் பிடித்த படம் வந்திராவிட்டால் அது அப்படியே மருத்துவச் சம்பவமாகக் கோப்புக்குள் போயிருக்கும். அந்தப் பொலிஸ்காரருக்கு 22 வருஷமும் 6 மாதமும் சிறை. படம் எடுத்த பெண்ணுக்கு 2021இல் பத்திரிகைத்துறைக்குப் பேர்போன புலிட்சர் பரிசுக் குழுவின் சிறப்புப் பாராட்டு. நம்மூரில் படம் எடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்று மேலே எழுதிவிட்டேன்.

இந்த ‘முதல் அறிக்கை’ என்பதைக் கவனியுங்கள். 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தபோதும் முதலில் வந்தது மோட்டார் சைக்கிள் விபத்து என்றுதான், உடலில் சூட்டுக் காயம் இருந்ததால் ஐந்து பொலிஸார் கைதானார்கள். அமெரிக்காவில் 1980 முதல் 2018 வரையான மரணச் சான்றிதழ்களை ஆராய்ந்து 2021இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையில் வந்த கட்டுரை, பொலிஸ் வன்முறையால் வந்த சாவுகளில் பாதிக்கு மேல் அரசாங்க மரணப் பதிவில் அந்தக் காரணத்தோடு ஏறவேயில்லை என்று சொன்னது. ஆக நான் மேலே பகுதியெண் பகுதியெண் என்று துள்ளினேனே, தொகுதியெண்ணே இப்படித்தான், பிணவறை மேசையில் ஒருவர் எழுதும் ஒற்றை வரியில் தங்கியிருக்கிறது. அந்த வரியை நேர்மையாக எழுதுகிற சட்ட வைத்திய அதிகாரி ஒருவர் ஊருக்கு இருப்பது ஒரு கொடுப்பினை.

கேள்வி: சிங்களப் பொடியன்களும்தானே பொலிஸால் சாகிறார்கள்? எல்லாவற்றையும் இனமாகப் பார்ப்பது சரியா? (வாசகர், பாலையூற்று)

பதில்: சாகிறார்கள். 2011இல் கட்டுநாயக்கத்தில் ஓய்வூதியப் பிரச்சினைக்கு ஆர்ப்பாட்டம் செய்த தொழிலாளிகள் மீது சுட்டு ஓர் இளைஞர் இறந்தார், 2022 ஏப்ரலில் றம்புக்கனையில் எரிபொருள் விலைக்காக நின்றவர் இறந்தார். பாதாள உலகக்காரர் என்று பிடித்தவரை ஆயுதம் காட்டக் கூட்டிப்போன இடத்தில் அவர் தாக்க வந்தார், சுட்டோம் என்ற கதையைக் கேட்டுக் கேட்டு அது பாலர் வகுப்புப் பாட்டாகிவிட்டது, அதில் பெரும்பாலும் சிங்களவர்தான், ஏழைகள்தான். அமெரிக்காவிலும் பொலிஸ் சுட்ட வெள்ளையர்களில் பணக்காரரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் ஒன்று மற்றதை இல்லாமல் ஆக்காது. ஏழையாக இருப்பது ஒரு பாரம், வாக்குமூலம் எழுதுபவருடைய மொழி விளங்காமல் அதில் கையெழுத்துப் போடுவது அதன் மேல் இன்னொரு பாரம். தமிழ் அரச கரும மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருஷம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மச்சானைப் பொலிஸ் பிடித்து அடித்துவிட்டது. என்ன செய்ய? (வாசகி, மூதூர்)

பதில்: தங்கச்சி, இதழ் அச்சாகும்வரை காத்திருக்காமல் உங்களுக்கு அன்றைக்கே தொலைபேசியில் சொன்னேன், மற்றவர்களுக்காக இங்கே. பிடித்தவரைப் பொதுவாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தவேண்டும், அங்கே வாயைத் திறந்து ‘அடித்தார்கள்’ என்று சொல்லவேண்டும், சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்கவேண்டும். காயம் ஆறுவதற்கு முன் காட்டவேண்டும். அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போடவேண்டும், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. கொழும்புக்குப் போக வசதியில்லையா, அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். ஆள் இறந்துவிட்டால் குடும்பம் வழக்குப் போட முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள், அது பொய். காவலில் இறந்த ஒருவரின் மனைவி போட்ட வழக்கில் 2003இலேயே உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: போன இதழில் ஃபுளொய்டின் கழுத்தில் முழங்கால் இருந்தது 8 நிமிடம் 46 விநாடி என்று எழுதியிருந்தீர்கள். வழக்கில் வேறு எண் வந்ததாக ஞாபகம். (ஓய்வுபெற்ற அதிபர், நிலாவெளி)

பதில்: சேர், உங்கள் ஞாபகம் சரி, நான் பிழை. முதல் குற்றப்பத்திரத்தில் இருந்த எண்தான் 8 நிமிடம் 46 விநாடி, ஊர்வலங்களில் எல்லாம் அதையே எழுதிப் பிடித்தார்கள், நானும் அதையே எழுதிவிட்டேன். 2021இல் வழக்கு நடந்தபோது காணொளிகளை விநாடி விநாடியாக எண்ணிப் பார்த்தார்கள், 9 நிமிடம் 29 விநாடி. 43 விநாடி குறைத்து எழுதியிருக்கிறேன். வெட்டிவைப்பவர்கள் பழைய பத்தியில் திருத்திக்கொள்ளுங்கள்.